நாற்காலியில் ஊறிய முகம்

அந்தத் தெருவில் அச்சடிக்காத பொருள் என்று ஒன்று கிடையாது. மருந்துப் புட்டிக்கு லேபிள், துணிக்கடைக்குப் பை, நாயே இல்லாத வீட்டுக்கு 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை. தெருக்காரர்களும் அதற்கேற்ற ஆட்கள். "நல்லாயிருக்கீங்களா?" என்று கேட்டால் "ஏதோ ஓடுது" என்று முகத்தைச் சுளிப்பார்கள். நல்லாயிருக்கிறேன் என்று வாய்தவறி ஒத்துக்கொண்டால் அடுத்த ஆர்டரில் தள்ளுபடி கேட்டுவிடுவானே என்ற முன்யோசனை.

தெருக்கோடியில் ஸ்கிரீன்காரர் கடை. முன்னால் கடை, நடுவே அச்சு மேசை, அதற்குப் பின்னால் வீடு, வீட்டுக்கும் பின்னால் தண்ணீர்த் தொட்டியும் ஒரு துண்டு வெயிலும் உள்ள முற்றம். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணிதான் ஸ்கிரீன். படம் வரவேண்டிய இடத்தில் துணியின் கண் திறந்திருக்கும், மற்ற இடம் அடைபட்டிருக்கும். மையை ஊற்றி ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. கீழே தாளில் படம். மேசையை அவர் பார்த்துக்கொண்டார், கல்லாவையும் வாய்ப்பேச்சையும் அவர் மனைவி பார்த்துக்கொண்டாள். வாடிக்கையாளர்களுக்கு அவரைப் பிடிக்கும். அவளிடம் பயம்.

கடைக்குச் சோறு போட்டது ஒரே முகம். நாட்டில் ஒவ்வொரு கடையிலும் பள்ளியிலும் முடிவெட்டும் இடத்திலும் ஆட்சியில் இருக்கும் பெரியவர் படம் தொங்கவேண்டும் என்பது சட்டம். ஊருக்கெல்லாம் அந்தப் படத்தை நீல மையில் அடித்துக் கொடுக்கும் உரிமை ஸ்கிரீன்காரருடையது. வருஷா வருஷம் மேலிடத்திலிருந்து புதுப் படம் வரும். வருஷா வருஷம் பெரியவருக்கு வயது குறையும். போன தடவை பின்வாங்கியிருந்த முடி இந்தத் தடவை நெற்றிக்குத் திரும்பியிருக்கும், தாடைக்கடியில் தொங்கிய சதை சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கும்.

"இப்படியே போனா இவரைப் பள்ளிக்கூடத்துல சேர்க்க நாமதான் அலையணும்" என்பாள் மனைவி.

"கதவு திறந்திருக்கு, மெதுவா பேசு" என்பார் அவர்.

பெரியவர் ஒருவழியாகத் தேர்தல் வைத்தார். ஓட்டு எண்ணும்போது பாதியில் விளக்கு அணைந்தது. விளக்கு வந்தபோது எண்ணுவது நிறுத்தப்பட்டிருந்தது. முடிவு கிடையாது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்று ரேடியோ சொன்னது. யாரும் போகவில்லை. நகரத்தின் பெரிய சதுக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஸ்கிரீன்காரரின் ஒரே மகளும் கல்லூரித் தோழிகளோடு அங்கே போனவள்தான். இரண்டு நாள் கழித்துக் காலையில்தான் திரும்பி வந்தாள். தொண்டை கட்டிப்போயிருந்தது. கண் மட்டும் பளபளவென்று இருந்தது. கூடவே அவள் தாய்மாமன், விளம்பரப் பலகை எழுதும் பெயிண்டர், கக்கத்தில் ஒரு தாள் சுருளோடு.

"அப்பா, போஸ்டர் வேணும்."

"முதல்ல சாப்பிடு."

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்ட?" இது அம்மா, உள்ளிருந்து.

"யாரோ ரொட்டி குடுத்தாங்கம்மா."

"யாரோ குடுத்ததெல்லாம் ஒரு சாப்பாடா? உன் மாமாவுக்குமா யாரோ குடுத்தாங்க? வயிறு ஊர்வலத்துக்கு முன்னாடி போற மாதிரி இருக்கே!"

உருளைக்கிழங்கும் ரொட்டியும் தேநீரும் வந்தன. மகள் வாயில் ரொட்டியோடு பேசினாள். அங்கே ஆளுக்கொரு அட்டையில் பேனாவால் எழுதிப் பிடித்திருக்கிறார்கள், நாலடி தள்ளி நின்றால் ஒரு எழுத்தும் தெரியவில்லை. மத்தியானம் சதுக்கத்திலிருந்து ரேடியோ நிலையத்துக்கு ஊர்வலம். இந்தத் தெரு வழியாகத்தான். "எல்லார் கையிலயும் ஒரே படம் இருந்தா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க! அவ்ளோ பெரிய ஸ்கிரீன் சட்டம் இந்த ஊர்லயே நம்மகிட்டதான்பா இருக்கு."

"இருக்கு. அதுல யார் இருக்கார்?"

அந்த அளவில் இருந்த ஒரே சட்டத்தில் பெரியவர் இருந்தார்.

"பக்கத்துத் தெருவுல அச்சு பிளாக் செய்யற பிளாக்காரர் கதை தெரியுமில்ல?" என்றார் ஸ்கிரீன்காரர். "கையகல நோட்டீஸ்தான் அடிச்சாரு. கடைக்கு சீல் வெச்சு ஆளைக் கூட்டிட்டுப் போனாங்க. வீட்டுக்காரம்மா இன்னமும் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறாங்க. எனக்கு இந்தக் கடை ஒண்ணுதான் இருக்கு. நீ ஒருத்திதான் இருக்க. விடு."

பெயிண்டர் சுருளை விரித்தார். தாள் முழுக்க ஒரு நாற்காலி. உயர்ந்த முதுகு, சிங்கக்கால், அடர்த்தியான கறுப்பில். யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கீழே ஒரே வார்த்தை: 'கிளம்பு'.

ஸ்கிரீன்காரர் பார்த்தார். தேநீரைக் கீழே வைத்தார். மறுபடி பார்த்தார்.

"பெரியவரைக் காணோமே?"

"அவரை வரைஞ்சா அவருக்குத்தான் விளம்பரம், மச்சான்."

"எத்தனை கலர்?"

மனைவி அடுப்பைப் பார்த்துத் திரும்பிச் சிரித்துக்கொண்டாள். முடியாது என்று முடிவு செய்த வியாபாரி எத்தனை கலர் என்று கேட்கமாட்டான். அவளுக்குத் தெரிந்தது மகளுக்கும் மெல்ல விளங்கியது. பேரம் ஆரம்பித்துவிட்டது.

"ரெண்டு. சிவப்பும் கறுப்பும்" என்றார் பெயிண்டர்.

"ரெண்டு கலர்னா ரெண்டு சட்டம், மாப்ள. நடக்காது. சிவப்பு மட்டும்."

"சிங்கக்காலுக்கு மட்டும் கறுப்புக் கோடு..."

"சிங்கத்தை வீட்டுக்கு அனுப்பு. சாதாக் கால் போதும். நாலு பக்கமும் ஒரு விரல் ஓரம் விடணும்."

"ஓரம் எதுக்குப்பா?"

"பிடிச்சுட்டு நடக்கறவங்க கைல மை ஒட்டாதா? துணியில ஒட்டினா போலீஸ் அதை வெச்சே பிடிப்பான்." இதற்குள் அவர் எழுந்துவிட்டிருந்தார். "அப்புறம் அந்த வார்த்தை. 'கிளம்பு'ன்னு போடாத. 'கிளம்புங்க'ன்னு போடு."

"அவருக்கென்னப்பா மரியாதை!"

"நாற்பது வருஷமா உட்கார்ந்திருக்கார்ம்மா. கால் மரத்திருக்கும். நாமளே மரியாதையா எழுப்பி விட்டுடலாம்."

"போறவங்களுக்கு மரியாதை குறைச்சா திரும்பி வந்து சண்டை போடுவாங்க" என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள். பெயிண்டர் இரண்டு எழுத்து சேர்த்தார். பேரம் படிந்தது.

அதன்பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்திருக்கவேண்டும். கடையின் பாதிக் கதவைச் சாத்தி வேலை ஆரம்பித்தார்கள். கடை வேலையாட்கள் எல்லாரும் சதுக்கத்தில். பெயிண்டர் சிங்கத்தின் நகங்களை முணுமுணுத்துக்கொண்டே வெட்டி எறிந்தார். மகள் சிவப்பு மையை வாளியில் கிண்டினாள். தேவைக்கு மேலேயே கிண்டினாள், நிற்க முடியாமல். ஸ்கிரீன்காரர் பெரிய சட்டத்தை முற்றத்துக்குத் தூக்கிவந்து தொட்டிமேல் சாய்த்தார். வலையில் அடைபட்ட பூச்சைக் கரைக்கும் மருந்தைத் தடவினார். மூக்கைப் பிய்க்கும் நெடி. பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். ஓரங்களை, தோள்களை, பதக்கங்களை வறட்டு வறட்டென்று தேய்த்தார். முகத்துக்கு வந்ததும் கை தானாகத் தணிந்தது. குழந்தைக்கு முகம் கழுவிவிடுவதுபோல் சுற்றிச் சுற்றி, மெத்தென்று.

"என்னங்க, கண்ணுல சோப்பு போயிடுமா அவருக்கு?" என்றாள் மனைவி.

"சும்மா இரு. வலை கிழிஞ்சிடும்."

பதக்கம் இருந்த இடத்தில் கிழியாத வலை முகம் இருந்த இடத்தில் மட்டும் எப்படிக் கிழியும் என்று அவள் கேட்கவில்லை. வெயில் வேறு படுத்தியது. புதுப் பூச்சுப் பூசி இருட்டறையில் உலர்த்தி வெளியே கொண்டுவந்தபோது மேகம் மூடியது. படத்தையும் கண்ணாடியையும் மேலே வைத்து, நல்ல வெயிலில் காட்டினால்தான் நாற்காலி வலையில் ஏறும். நால்வரும் சட்டத்தைக் கறுப்புத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள்.

"மேகமும் பெரியவர் கட்சிதான் போல" என்றார் பெயிண்டர்.

"அதோ விலகுது! மாமா, துணியை எடுங்க!"

"எடுக்காத! விளிம்புதான் விலகுது. இரு... இரு... இப்ப!"

துணி பறந்தது. வெயில் கண்ணாடியில் தெறித்தது. ஸ்கிரீன்காரர் கணக்குக்குப் பதினாறாம் வாய்ப்பாட்டை மேலும் கீழுமாகச் சொல்வார். அவருடைய கடிகாரம் அதுதான். அன்று இறங்கும்போது இரண்டு தரம் தடுக்கினார், மகள் எடுத்துக்கொடுத்தாள். தண்ணீர் ஊற்றியதும் வலையில் நாற்காலி மெல்ல மெல்லத் திறந்தது.

அலமாரியில் இருந்த வெள்ளைத் தாள் முழுவதும் மேசைக்கு வந்தது. காகிதக் கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. முதல் தாள். மை. ரப்பர் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் ஒரே இழுப்பு. சட்டத்தைத் தூக்கினார்.

சிவப்பு நாற்காலி அமோகமாக வந்திருந்தது. அதன் முதுகில், சிவப்புக்குள் வெளிறிய சிவப்பாக, பெரியவர் இருந்தார். நெற்றிக்குத் திரும்பிய முடி, அழுத்திய உதடு, ஒரு பக்கம் மட்டும் தூக்கிய புருவம். துணியில் படிந்த கறை எத்தனை துவைத்தாலும் தெரிவதுபோல, நாற்காலியில் ஊறிப்போய், கரைந்துகொண்டே, போக மனமில்லாமல்.

மகள் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கினாள்.

"அப்பா..." மகளின் கட்டிய தொண்டை கீச்சிட்டது. "அப்பா, இதுதான்! இதுதாம்பா! காலி நாற்காலி இல்ல, காலியாகிட்டிருக்கிற நாற்காலி!"

பெயிண்டர் தாளைக் கிட்ட வைத்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார். "நான் வரைஞ்சதைவிட நல்லாயிருக்கு. எனக்குக் கடுப்பா இருக்கு, ஆனா நல்லாயிருக்கு."

ஸ்கிரீன்காரர் தாளை அவரிடமிருந்து பறித்தார். "புரியாம பேசாதீங்க. இந்தப் புருவம் யார் கை? இந்த முகம் இந்த ஊர்ல எந்த மேசையிலேர்ந்து வருது? வேற எங்கயாவது அடிக்கிறாங்களா? கீழே என் பேரைப் போட்டு, வீட்டு விலாசமும் போட்ட மாதிரி இருக்கு. இந்தத் தாளைக் கொளுத்திடணும். சட்டத்தையும் சேர்த்து."

"கொளுத்தினா ஊர்வலத்துக்கு?"

"வெறுங்கையோட நடங்க!"

அவர் சொல்ல, மகள் கேளாததுபோல் அடுத்த தாளை வைத்தாள். அவள் வைத்தால் அவர் கை கட்டையை இழுத்தது. தாள் வந்தால் இழுக்கிற கை அது. திட்டிக்கொண்டே அடித்தார், அடித்துக்கொண்டே திட்டினார். உள்ளறையில் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்த கயிறுகளில் சிவப்பு நாற்காலிகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் பெரியவர். வெள்ளைத் தாள் தீர்ந்தது.

அப்போதுதான் வாசலில் ஜீப் நின்றது.

வார்டு அதிகாரி. எதைக் கொடுத்தாலும் படிக்காமல் முத்திரை குத்துவார் என்பதால் தெரு அவருக்கு முத்திரை என்று பெயர் வைத்திருந்தது. மனைவி மேசையை மறைக்கும் திரையை இழுத்துவிட்டுக் கல்லாவின் முன்னால் போய் நின்றாள். அவள் நின்றால் வழி அடைபடும்.

"வாங்க சார். உட்காருங்க சார். தேநீர் கொண்டு வரட்டுமா?"

"தேநீர் குடிக்கிற நேரமா இது? எங்கம்மா படம்? நகரத்துல பாதி ஆபீஸ்ல பெரியவரைக் கிழிச்சுட்டானுங்க. எங்க ஆபீஸ்ல ஆணிதான் மிச்சம். மத்தியானத்துக்குள்ள கிழிச்ச இடத்துலயெல்லாம் புதுசு தொங்கணும்னு உத்தரவு. அடிச்சு வெச்சிருக்கீங்கள்ல?"

"அடிக்காம இருப்போமா? காய வேணாமா சார்? ஈரத்தோட தூக்கினா பெரியவர் மூக்கு பதக்கத்துக்கு வந்துடும், அப்புறம் எங்களைக் கேப்பீங்க."

முத்திரை மூக்கை உறிஞ்சினார். "மை வாசனை தூக்குதே."

"உங்க வேலைதான் ஓடுது."

ஸ்கிரீன்காரர் இதைக் கேட்டுக்கொண்டு உள்ளேயே இருந்திருக்கலாம். வாடிக்கைக்காரர் குரல் கேட்டதும் வணக்கம் வைக்க வெளியே வந்துவிட்டார். இரு கையும் கூப்பினார். முழங்கை வரை சிவப்பு.

"என்னய்யா இது? பெரியவர் நீலமாச்சே?"

ஸ்கிரீன்காரர் கையைப் பின்னால் மறைத்தார்.

"இது... துணிக்கடை நோட்டீஸ் சார்" என்றார் ஸ்கிரீன்காரர். "பழைய சரக்கைக் காலி பண்றாங்க."

"நாடு இருக்கிற இருப்புல தள்ளுபடியா?"

"இப்பத்தான் சார் பழசெல்லாம் போகும்" என்றாள் மனைவி, கண் இமைக்காமல்.

முத்திரை அவளைப் பார்த்தார். யோசிப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை, பாதியில் விட்டுவிட்டார். "மத்தியானம் வண்டியோட வருவேன். படம் ரெடியா இருக்கணும். இல்லேன்னா அந்த பிளாக்காரன் பக்கத்துல உனக்கும் இடம் இருக்கு" என்று சொல்லி ஜீப்பில் ஏறினார்.

ஸ்கிரீன்காரர் உள்ளே வந்து மேசைமேல் சாய்ந்தார். முத்திரையை உள்ளே விடாமலிருக்கத்தான் மனைவி ஈரம் என்றாள்; மேசைக்கடியில் முன்பே அடித்துவைத்த பெரியவர் கட்டுக் கட்டாக இருந்தார், காய்ந்து, அடுக்கி, மடிப்புக் கலையாமல். கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கயிற்றில் தொங்குவதைக் கொளுத்திவிட்டால் கடை மிஞ்சும், தலை மிஞ்சும்.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். கேலி இல்லாத குரலில் கேட்டாள்: "முகத்தை ஏங்க அழுத்தித் தேய்க்கல?"

"கை வரல."

"பயமா?"

"பயமெல்லாம் இல்ல. பழக்கம்." சொல்லிவிட்டு அந்தச் சொல்லையே மென்றுகொண்டிருந்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். "வாயால அந்தாளைக் கிளம்புங்கங்கறேன். என் கை எனக்குத் தெரியாம அந்தாளுக்கு முகம் கழுவி விட்டிருக்கு. வீட்டுக்குள்ள, என் தொட்டியில, என் தண்ணியில!"

அவர் முகம் சிவந்ததா, மை பட்டதா என்று சொல்ல முடியாது. குனிந்து மேசைக்கடியிலிருந்து ஒரு கட்டுப் படங்களை இழுத்துப் போட்டு, கட்டியிருந்த கயிற்றை அறுத்தார். மேலே இருந்த பெரியவரை மேசையில் வைத்து மூலை பொருத்தினார்.

"மச்சான், அது ஆர்டர்..." என்றார் பெயிண்டர்.

"தாள்தானே மாப்ள வேணும்? இது தாள்."

கட்டையை இழுத்தார். ஒரே சட்டத்தில் பிறந்த முகம், அதே மூலைப் பொருத்தம், அதனால் முகத்தின்மேல் முகம் மயிரிழை பிசகாமல் விழுந்தது. நீலப் பெரியவர்மேல் சிவப்பு நாற்காலி ஏறி உட்கார்ந்தது. அதுவரை அவர் நாற்காலியில் இருந்தார், இப்போது நாற்காலி அவர்மேல் இருந்தது. பதக்கங்களுக்குக் குறுக்கே 'கிளம்புங்க'.

மகள் ஒரு குதி குதித்தாள். "அப்பா! அப்பா!"

"அப்பாவுக்கென்ன, அடுத்த தாளை வை!"

"கண்டுபிடிச்சா என்னங்க பண்றது?" என்றாள் மனைவி. மையை ஊற்றிக்கொண்டேதான் கேட்டாள்.

"கண்டுபிடிக்க இனி என்ன இருக்கு? ஊருக்கே தெரிஞ்ச கடை. போய் முன்கதவைத் திற. ரெண்டு பக்கமும் திற. காத்து வந்தாத்தான் மை காயும்."

கதவு திறந்தது. திறந்த கதவு அந்தத் தெருவில் ஒரு அழைப்பு. முதலில் எதிர்க்கடை லேபிள்காரர் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் வாயைத் திறந்தபடியே நின்றார். பிறகு திரும்பி ஓடினார். காட்டிக்கொடுக்கத்தான் போகிறார் என்று பெயிண்டர் தலையில் கைவைத்தார். போன வேகத்தில் திரும்பி வந்தார், தன் கடைச் சுவரில் தொங்கிய பெரியவரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு.

"இதுலயும் ஒண்ணு போடுப்பா."

"கண்ணாடியைக் கழட்டுய்யா முதல்ல! சட்டத்தோட நீட்டுறான் பாரு."

"கழட்டித் தரமாட்டியா? பழைய வாடிக்கை இல்லையா நான்?"

"புது வாடிக்கையோ பழைய வாடிக்கையோ, வரிசையில நில்லு!" என்றாள் மனைவி.

அடுத்து பைக்காரர், பிறகு முடிவெட்டுகிறவர், அவரோடு பாதி சவரத்தில் எழுந்துவந்த ஒரு வாடிக்கையாளர். தெருவே பெரியவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றது. பழைய படம், புதுப் படம், வயதான பெரியவர், இளைத்த பெரியவர். "என்னுது ஓரத்துல சாயுது", "எனக்குக் கொஞ்சம் அழுத்தி", "அவருக்கு மட்டும் மை கூடவா?" என்று அச்சிலும் பேரம். ஸ்கிரீன்காரரின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. முகம் வரும் இடத்தில் கட்டையை வேண்டுமென்றே ஒரு அழுத்து அழுத்தி இழுத்தார். மகள் காய்ந்ததையும் காயாததையும் அள்ளிக்கொண்டு சதுக்கத்துக்கு ஓடினாள். பெயிண்டர் தோளில் ஒரு கட்டோடு பின்னால் ஓடினார், வயிறு அவருக்கு முன்னால் ஓடியது.

ஊர்வலம் வந்ததைக் காது முதலில் சொல்லவில்லை, மேசை சொன்னது. மைக் கிண்ணம் தானாக நடுங்கியது. பிறகு சத்தம். பிறகு தெருமுனை சிவந்தது. தலைகளுக்கு மேல் நாற்காலிகள், நாற்காலிகள், நாற்காலிகள். கடைசி வரிசை எங்கே என்று தெரியவில்லை. சில தாள்களில் மை இன்னும் ஈரமாக வெயிலில் மின்னியது. "கிளம்புங்க!" என்று ஒரு பெண் குரல் கொடுக்க, மரியாதை சற்றும் குறையாமல் ஆயிரம் தொண்டை திருப்பிச் சொன்னது. யாரோ சிரிக்க, சிரிப்பும் கோஷத்தோடு சேர்ந்து வந்தது.

அந்தக் கூட்டத்தின் நடுவில் ஒரு ஜீப் நகர முடியாமல் நின்றது. முத்திரை இறங்கி, இடிபட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைப்படி ஏறினார்.

"என்னய்யா, படம் எங்க?" என்றார். பழக்கம் அவரையும் விடவில்லை.

ஸ்கிரீன்காரர் சிவப்புக் கையால் தெருவைக் காட்டினார். "டெலிவரி ஆயிடுச்சு சார்."

முத்திரை திரும்பிப் பார்த்தார். பாதித் தாள்களில் அவர் மேற்பார்வையிட்ட நீலம் சிவப்புக்குக் கீழே தெரிந்தது. இத்தனை பேரை ஏற்றிக்கொண்டுபோக ஜீப் போதாது என்ற கணக்கு அவருக்கே புரிந்திருக்க வேண்டும். படியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி ஒரு குவளைத் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"அம்மா! வாங்க! அப்பாவையும் இழுத்துட்டு வாங்க!" கூட்டத்துக்குள்ளிருந்து மகளின் கை மட்டும் தெரிந்தது.

மனைவி கணவனின் முழங்கையைப் பிடித்தாள். அவர் ரப்பர் கட்டையைக் கீழே வைக்க மறந்து அதையும் எடுத்துக்கொண்டே படி இறங்கினார். கூட்டம் இருவரையும் வாங்கிக்கொண்டது. கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் அவள் அவர் காதருகே கத்தினாள்:

"ஏங்க, கடையைப் பூட்டினீங்களா?"

"இல்ல!"

திரும்பிப் பார்க்க இடமில்லை. அவளும் கேட்டதை விட்டுவிட்டு, கூட்டத்தோடு 'கிளம்புங்க' என்று கத்த ஆரம்பித்தாள்.